வாங்கில் இருந்தவர்கள்

என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். யாழ்ப்பாண நகரத்தில், பழைய சந்தைப் பக்கத்து மூலையில், ஒரு நினைவுக்கல் எழும்பப்போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடித்தளம் போட்டாகிவிட்டது. சுற்றிவரத் தகரம் அடைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அந்தத் தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கைப்பேசி பார்க்கிறார்கள். சாதிக்கு எதிராக நின்று மறியலுக்குப் போனவர்களுக்கான கல் அது. எங்கள் பெரியவர்கள் சிறையை மறியல் என்றே சொன்னார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தை நினைவுக்கல் குழுவின் செயலாளர் எனக்கு அனுப்பியிருந்தார். நான் பத்திரிகை மேசையில் பிழை பார்த்துக் கண் கெட்டவள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. ‘தேநீர்க் கடைக்குள் நுழைந்தமைக்காகச் சிறைவாசம் அனுபவித்தோர்’ என்று இருந்தது. அதில் ‘தேநீர்க் கடைக்குள் நுழைந்தமைக்காக’ என்பதை வெட்டித் திருப்பி அனுப்பினேன். உடனே தொலைபேசி அடித்தது.

“அக்கா, அதுதானே விசயமே? அதை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கு?”

அவருக்குத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலர் அந்தக் கடையில் தேத்தண்ணி குடித்திருப்பீர்கள். கிளாசில் குடித்தீர்களா, தகரப் பேணியில் குடித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. நடந்தது சரியாக எழுதப்படவேண்டும், அவ்வளவுதான்.

அப்பா நீர்வேலியில் ஒரு தோட்டக்காரரிடம் வேலை செய்தார். வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக் கடைகளுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. பின் கரியரில் ஒரு குலை படுத்திருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு குலை தொங்கும். பள்ளிக்கூட விடுமுறையில் முன் பாரில் என்னை ஏற்றிக்கொள்வார். பாரில் சாக்குத் துண்டு சுற்றியிருக்கும். ஆனாலும் தொடை கன்றிப்போகும். வாழைத்தண்டின் பால் பட்ட கறை அப்பாவின் எல்லாச் சேட்டிலும் இருந்தது. அம்மா எதைப் போட்டுத் தோய்த்தாலும் அது போகாது. சோளகக் காற்று வீசத் தொடங்கிய நாட்கள் அவை. எதிர்க்காற்றில் குலைகள் சைக்கிளை இழுக்கும்; அப்பா எழும்பி நின்று மிதிப்பார்.

சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குத்தான் நல்ல இதரை வாழைக்குலைகள் போகும். அந்தக் கடையின் சுவரோரம் நீளமான மர வாங்கு ஒன்று இருந்தது. வாங்கு என்றால் எங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து இருக்கக்கூடிய நீண்ட மர இருக்கை; போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அந்த வாங்குக்கு நேர் மேலே, கூரை வளையிலிருந்து கயிற்றுச் சுருக்குகள் தொங்கின. குலையை அதில்தான் கட்டவேண்டும். வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிப்பவர்கள் கையை உயர்த்திப் பழத்தைப் பிய்த்துக்கொள்வார்கள்.

குலை கட்டுவதற்கு அப்பா அந்த வாங்கில் ஏறுவார். அவருக்குச் செருப்பில்லை. நீர்வேலித் தோட்டத்துச் செம்மண் பாதத்தில் அப்பியிருக்கும். அந்தக் காலோடு ஏறுவார். கட்டி முடித்து இறங்கியதும் தோளில் கிடக்கும் துண்டால் தன் கால் அடையாளத்தைத் துடைத்துவிடுவார். பிறகு பின்பக்கத்தால் வெளியே வந்து, சுவர் ஆணியில் தொங்கும் பால்மாப் பேணியை எடுத்து நீட்டுவார். கடைப் பையன் பேணியில் முட்டாமல் உயரத்திலிருந்து தேத்தண்ணியை ஊற்றுவான். அப்பா நிலத்தில் குந்தியிருந்து குடிப்பார். எனக்கும் ஒரு வாய் தருவார். தேயிலைச் சாயத்தைவிடத் தகரம்தான் நாக்கில் நிற்கும்.

ஆகவே, செயலாளர் தம்பி, அப்பா ஒவ்வொரு நாளும் அந்தக் கடைக்குள் நுழைந்தார். அடுப்படிக் குசினிவரை போனார். வாங்கில் ஏறி நின்றார். அதை எவரும் தடுக்கவில்லை. வாங்கில் இருக்க மட்டும் முடியாது.

எங்கள் பகுதியில் ஒரு வாசிகசாலை இருந்தது. ஓலைக் கொட்டில், ஒரு மேசை, பழைய பத்திரிகைகள், ஒரு பெற்றோல்மக்ஸ் விளக்கு. அங்கே ஒரு சங்கம் கூடியது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு வாத்தியார் அதை நடத்தினார். எங்கள் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் இருத்திப் படிப்பித்ததுதான் அவர் வேலை போகக் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அப்பா எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது அவரிடம். எல்லோரும் சமம் என்று சட்டம் வந்துவிட்டது என்றும், சட்டம் கடைவாசல்வரை வந்து வெளியில் நிற்கிறது என்றும் வாத்தியார் சொல்வார்.

ஒருநாள் அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: “என்ரை காலுக்கு அந்தக் கடையிலை இருக்கிற மரியாதை என்ரை குண்டிக்கு இல்லை.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. “திருப்பிச் சொல்லு” என்றார்.

அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு திருப்பிச் சொன்னார்.

“அப்ப போறது பிரச்சினை இல்லை” என்றார் வாத்தியார். “இருக்கிறதுதான் பிரச்சினை. நாங்கள் போய் இருப்பம்.”

அன்றிரவு அப்பா இதைச் சொன்னபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார்.

“வாங்குதானே வேணும்? உந்த வேலிக் கதியாலைப் பிடுங்கி நான் ஒரு வாங்கு அடிச்சுத் தாறன். தேத்தண்ணியும் நானே ஊத்தித் தாறன். வீட்டிலை இருந்து குடியுங்கோ.”

“வீட்டிலை இருக்க ஆர் வேண்டாம் எண்டது?”

“பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ.”

ஆனால் விடுமுறையில் நான் கூடப் போவது வழக்கம். போகாவிட்டால் கடைக்காரர் சந்தேகப்படுவார் என்று அப்பாவின் தங்கை, என் மாமி, சொன்னார். மாமிக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. சங்கத்துத் துண்டுப்பிரசுரங்களை வேலிகளில் ஒட்டுவது அவர்தான். அம்மாவும் மாமியும் அதற்குப் பிறகு கனநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அப்பா என்னைக் கடைக்கு எதிரே இருந்த தையல் கடையில் விட்டார். அங்கே தைத்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோருக்கும் அவர் நானா. “மகள், உதிலை இருங்கோ” என்று தன் பக்கத்து முக்காலியைக் காட்டினார். பட்டணத்தில் என்னை இருக்கச் சொன்ன முதல் ஆள் அவர். அது எனக்கு அன்று பெரிதாகத் தெரியவில்லை. மிசினுக்குக் கீழே விழுந்து கிடந்த நூல் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து கடை நேராகத் தெரிந்தது. அப்பா வழமைபோல வாங்கில் ஏறிக் குலையைக் கட்டினார். இறங்கினார். துண்டால் துடைத்தார். துடைத்த இடத்திலேயே இருந்தார்.

அதே நேரம் வாத்தியாரும் மற்றவர்களும் உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தார்கள். எல்லோரும் வெளுத்த வேட்டி கட்டியிருந்தார்கள். அப்பா மட்டும் கறைச் சேட்டு.

“முதலாளி, எல்லாருக்கும் தேத்தண்ணி” என்றார் அப்பா. அதுவரை கடைக்காரரை அவர் நயினார் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடவேண்டும்.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழும்பினார். “எழும்படா.”

“குடிச்சிட்டு எழும்பிறன்.”

உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: “உவங்களுக்கு இண்டைக்கு வாங்கு கேக்குது. நாளைக்குக் கதிரை கேப்பாங்கள்.”

“கதிரையை நாளைக்குக் கேக்கிறம்” என்றார் வாத்தியார். “இண்டைக்கு வாங்கு போதும்.”

பிறகு நடந்தது விரைவாக நடந்தது. யாரோ வாங்கின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கவிழ்க்கப் பார்த்தார்கள். இருந்தவர்கள் எழும்பவில்லை, வாங்கோடு சேர்ந்து சரிந்தார்கள். கிளாசுகள் நொருங்கின. அப்பா கட்டிய குலை அறுந்து விழுந்து வாசலெல்லாம் பழம். வாத்தியாரின் நெற்றியில் இரத்தம். நானா வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு கீலத்தைக் கிழித்துக்கொண்டு றோட்டைக் கடந்து ஓடினார். பொலிஸ் வந்தபோது வாத்தியாரின் தலையில் அந்தத் துணி இருந்தது. கடைக்காரரையும் அடித்தவர்களையும் பொலிஸ் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. பொது இடத்தில் குழப்பம் விளைவித்தார்கள் என்று வழக்கு.

வழக்கு நாளன்று அம்மா, மாமி, நான் மூவரும் நீதிமன்ற விறாந்தையில் நின்றோம். யன்னல் தாழ்வாக இருந்ததால் எனக்கு உள்ளே தெரிந்தது. நீதவான் தெற்கிலிருந்து வந்தவர்; தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், இவர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவரை எல்லோரும் முதலியார் என்றார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. மெல்லிய குரல். எங்கள் ஆட்களுக்காக ஒரு புறொக்டர், அந்தக் கால வழக்கறிஞர், காசு வாங்காமல் ஆசராகியிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்கவேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், இளையவர்கள் வாசித்தால் உதவும். எங்கள் பேச்சில் இருப்பது என்றால் இரண்டு. வீட்டுக்கு வந்தவரை ‘இருங்கோ’ என்றால் கதிரையில் இருக்கச் சொல்கிறோம். ‘அவர் வீட்டிலை இருக்கிறார்’ என்றால் அங்கே உள்ளார் என்கிறோம். ஆங்கிலத்தில் இது இரண்டு வெவ்வேறு சொல்.

நீதவான் அப்பாவைக் கேட்டார். முதலியார் தமிழில் சொன்னார். அப்பா பதில் சொன்னார்:

“ஓம் ஐயா. வாங்கிலை இருந்தனான்.”

முதலியார் உடனே மொழிபெயர்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார். பிறகு சின்னதாக ஓர் ஆங்கில வசனம் சொன்னார். எங்கள் புறொக்டர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். நீதவான் எழுதிக்கொண்டார். சாப்பாட்டுக்கு நீதிமன்றம் கலைந்தது.

வளவுக்குள் நின்ற வேப்பமரத்தடிக்குப் புறொக்டர் கிட்டத்தட்ட ஓடி வந்தார். அப்பாவைப் பொலிஸ்காரர் அங்கே சாப்பிட விட்டிருந்தார்.

“முதலியார் உன்னைக் காப்பாத்திப்போட்டார்” என்றார் புறொக்டர். “நீ ‘இருந்தனான்’ எண்டதை அவர் ‘வாங்கிலை நிண்டவராம்’ எண்ட மாதிரி விளங்கிறதாச் சொல்லிப்போட்டார். நான் இனி என்ன கேப்பன் தெரியுமே? வாங்கிலை ஏன் ஏறினனீர் எண்டு கேப்பன். குலை கட்ட எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை. நீ ஒவ்வொரு நாளும் ஏறிறது கடைக்காரனுக்கும் தெரியும், அவன் மறுக்கேலாது. பின்னேரம் நீ வீட்டிலை நிப்பாய்.”

அம்மா சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. “அது பொய்யோ ஐயா?”

“என்ன பொய்? ஏறினவன்தானே.”

“கேட்டியளே” என்று அம்மா அப்பாவிடம் திரும்பினார். “பொய்யும் இல்லையாம்.”

மாமி கேட்டார்: “அப்ப மற்ற ஆக்கள்?”

புறொக்டர் குரலைத் தணித்தார். “மற்றவைக்கு அந்தக் கடையிலை வேலை இல்லை. அவைக்கு உது பொருந்தாது.”

அப்பா சாப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். அவர் மெதுவாகச் சாப்பிடுகிறவர் அல்ல. அன்று மெதுவாகச் சாப்பிட்டார். கை கழுவியபிறகு புறொக்டரிடம் கேட்டார்:

“நான் ஏறினனான் எண்டால் ஐயா, அப்ப ஆர் இருந்தது?”

“அது உன்ரை பாடில்லை.”

“ஏறினதுக்கு வழக்கு இல்லைத்தானே?”

“இல்லை. அதாலைதான் சொல்லிறன்.”

அம்மா அழுதுகொண்டே சொன்னார்: “ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. எங்களுக்காக விடுங்கோ.”

அப்பா சோற்று இலையை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். பொலிஸ்காரர் கூப்பிட்டார்.

பின்னேரம் புறொக்டர் சொன்னபடியே கேட்டார். “வாங்கிலை ஏன் ஏறினனீர்?”

“ஏறினது வேறை, ஐயா” என்றார் அப்பா. “ஏறிக் குலை கட்டினனான். இறங்கித் துடைச்சனான். அதுக்குப் பிறகு இருந்தனான். ஒரு தேத்தண்ணி கேட்டனான்.”

முதலியார் வாயைத் திறந்தார். மறுபடி கண்ணாடிக்குக் கை போனது. அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முதலியார் ஐயா, கொஞ்சம் பொறுங்கோ” என்றார். பிறகு, குற்றவாளிக் கூண்டுக்குள் இருந்த பலகையில், முழங்காலை மடித்து, நீதவானைப் பார்த்தபடியே இருந்தார். வலது கையில் ஒரு கிளாசைப் பிடித்திருப்பதுபோல விரல்களை வைத்துக்கொண்டார்.

பொலிஸ்காரர் கக்கத்தில் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அப்பா எழும்பவில்லை. விறாந்தையில் நின்ற ஒருவர் சிரித்தார். நீதவான் கையைக் காட்டிப் பொலிஸ்காரரை நிறுத்திவிட்டு அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

“எழும்பட்டாம்” என்றார் முதலியார். குரல் எங்களுக்குக் கேட்கவே இல்லை; உதடுதான் தெரிந்தது.

“எழும்பிறன். துரைக்கு விளங்கினால் போதும்.”

விளங்கியது. மற்றவர்களோடு சேர்த்து அப்பாவுக்கும் மறியல். மழை தொடங்கும்வரை.

படியில் இறங்கும்போது முதலியார் எங்களைக் கடந்து போனார். அம்மாவின் பக்கத்தில் நின்று, “என்னாலை ஏலுமானதைச் செய்தன், பிள்ளை” என்றார். மாமி நிலத்தில் துப்பினார். எங்கள் சொல்லைத் திருடப் பார்த்தவர் என்று வாசிகசாலையில் அவருக்குப் பெயர் வைத்தார்கள். நானும் வளர்ந்து வேலைக்குப் போகும்வரை அப்படித்தான் நினைத்தேன். இன்று அந்த முகத்தை நினைத்தால் வேறு மாதிரித் தெரிகிறது. அந்த மண்டபத்தில் அப்பாவுக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்த ஒரே ஆள் அவர். ஆனாலும் அவர் கொடுத்த உதவியை அப்பா வாங்கியிருந்தால், அன்று அந்தக் கடையில் ஒருவரும் இருக்கவில்லை என்றுதான் பதிவாகியிருக்கும். நல்ல மனதோடு செய்தாலும் அழிப்பது அழிப்பதுதான்.

அம்மாவையும் நான் பிழையாகத்தான் கணித்தேன். பயந்தவர், சின்ன மனம் என்று நினைத்தேன். அப்பா உள்ளே போனபிறகு என்ன நடந்தது என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. தோட்டக்காரர் வேலை இல்லை என்றார். சைக்கிள் அவருடையது, எடுத்துப்போனார். ஊர்க் கிணற்றில் நாங்கள் அள்ளக்கூடாது. வேறு யாராவது அள்ளி எங்கள் குடத்தில் ஊற்றவேண்டும். வழக்குக்குப் பிறகு எவரும் ஊற்றவில்லை. அம்மா வெறுங்குடத்தோடு வேலியோரம் நிற்பார். தண்ணீர் அள்ள வருபவர்கள் அவரைப் பார்க்காததுபோல அள்ளிக்கொண்டு போவார்கள். சில நாட்கள் அப்படி நின்றார். பிறகு ஒருநாள் காலை நேரே போய்த் துலாக் கயிற்றைப் பிடித்து அள்ளினார். வாளி சுவரில் அடிபடும் சத்தம் வீடுவரை கேட்டது. பக்கத்து வளவுக்காரர் ஓடி வந்து சத்தம் போட்டார்.

“ஊத்த ஆள் இல்லை. அள்ளினனான்” என்றார் அம்மா. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த நாள் கயிற்றை அறுத்திருந்தார்கள். அம்மா சொந்தக் கயிறு கொண்டுபோனார். அதையும் அறுத்தார்கள். மறுபடி கொண்டுபோனார். எத்தனை கயிறு என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் அவர்கள் அலுத்துப்போனார்கள். ஆனால் இதை அப்பாவின் வேலையோடு ஒப்பிட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். “எனக்குத் தண்ணி வேணும், அள்ளினன். உங்கடை அப்பருக்கு அந்தத் தேத்தண்ணி இல்லாமல் சீவிக்க ஏலாதே?” என்பார்.

யார் அப்பாவை விசாரித்தாலும் அம்மாவிடம் ஒரே பதில் இருந்தது: “வாங்கிலை இருந்ததுக்கு மறியலிலை இருக்கிறார்.” கேட்டவர்களுக்குச் சிரிப்பதா இல்லையா என்று தெரியாது.

மறியலில் அப்பாவைப் பார்க்க ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். கம்பிவலைக்கு அப்பால் அப்பா மொட்டையாக நின்றார். வாழைப்பால் கறை இல்லாத சட்டையில் அவரை அன்றுதான் பார்த்தேன். அம்மா வீட்டில் எவ்வளவோ சொல்லத் திட்டம் போட்டு வந்திருந்தார். தோட்டக்காரர் செய்தது, கிணறு, மாமி. வாய் திறந்தபோது வழமையான கேள்விதான் வந்தது.

“எப்பிடி இருக்கிறியள்?”

“நிலத்திலைதான்” என்றார் அப்பா. “உள்ளையும் வாங்கில்லை.”

அம்மா சிரித்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் முடியவில்லை. காவலாளி எட்டிப் பார்த்தார். வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் மறுபடி கோபமாகிவிட்டார். அந்தச் சிரிப்பை அப்பா தன்னிடம் ஏமாற்றி எடுத்துவிட்டார் என்பதுபோல.

அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சொல்லை விட்டிருக்கலாம் என்றே சொல்லிக்கொண்டு இருந்தார். அப்பா கடைசிவரை வாதாடவில்லை. வெளியில் வந்தபின் குலை ஏற்றப் போகவில்லை, கல்லுடைக்கப் போனார். எப்போதிருந்து அந்தக் கடையில் எல்லோரும் இருந்து குடித்தார்கள் என்று திட்டமாகச் சொல்ல யாருமில்லை. ஒரு வருடம் குடிக்கவில்லை, இன்னொரு வருடம் குடித்தார்கள். பிறகு சந்தை எரிந்தது. வாங்கும் அதோடு போயிருக்கும். எதிர்க்கடை நானாவை, அவருடைய ஆட்கள் எல்லோரோடும், போர்க்காலத்தில் இயக்கத்தார் பட்டணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் மிசினையும் விட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் கதைக்கும் ஒரு கல் வேண்டும். அதை வேறு நாள் கேட்பேன், கேட்காமல் விடமாட்டேன்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். குழுவின் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பொறுமையான மனிதர். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்கள் சொல்லுறது சரி” என்றார். “ஆனால் ‘இருந்தார்கள்’ எண்டு வெட்டினால் வாசிக்கிறவைக்கு அது சீவித்தவை எண்டெல்லோ விளங்கும்? கல் எண்டால் ஒரு கம்பீரம் வேணும். ‘அமர்ந்தனர்’ எண்டு போடுவம்.”

“அமர்ந்ததுக்கு ஒருத்தரும் மறியலுக்குப் போகேல்லை.”

“அப்ப எப்பிடித்தான் எழுதிறது?”

எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசித்தேன்: ‘இவர்கள் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தார்கள். எழும்பச் சொன்னபோது எழும்பவில்லை.’ அதற்குக் கீழே, மறியலுக்குப் போனார்கள் என்ற வரி.

‘தேத்தண்ணி’, ‘வாங்கு’, ‘எழும்பு’ மூன்றும் பேச்சுவழக்கு என்று ஒருவர் சொன்னார். கடைக்காரர் ‘எழுக’ என்று சொல்லவில்லை, ‘எழும்படா’ என்றார் என்று சொன்னேன். கூட்டம் நீண்டது. ‘தேத்தண்ணி’யை அவர்கள் ‘தேநீர்’ ஆக்கினார்கள், விட்டுக்கொடுத்தேன். மற்ற இரண்டையும் கொடுக்கவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியபோது தலைவர் கையொப்பமிட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மொழியிலும் வெட்டவேண்டும் என்பதை மறந்துபோனேன். நாலைந்து நாளில் ஆங்கில வாசகம் வந்தது. ‘இவர்கள் தேநீர்க் கடை வாங்கில் காணப்பட்டார்கள்’ என்ற மாதிரி ஒரு வசனம். செயலாளரைக் கூப்பிட்டேன்.

“தம்பி, இதை ஆர் மொழிபெயர்த்தது?”

“கைப்பேசியிலை போட்டு எடுத்ததக்கா. ஏன், பிழையே?”

முதலியாராவது கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் செய்தார். ஆங்கிலத்தில் அதற்கு மூன்றெழுத்துச் சொல் ஒன்று போதும். வெட்டி எழுதிக் கொடுத்தேன்.

சிங்களம் மட்டும் மிச்சம். எனக்குச் சிங்களம் வாசிக்க வராது. வராத ஒன்றை நம்பி விடவும் மனமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, தான் வேலை செய்யும் அரச அலுவலகத்தில், தெற்கே காலி நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் உத்தியோகத்தர் இருப்பதாகச் சொன்னாள். தாளைக் கொண்டு போனேன். இளைஞர். மேசை நிறையக் கோப்புகள். தமிழ் கொஞ்சம் பழகியிருந்தார்.

“இதிலை என்ன எழுதியிருக்கு? அங்கை நிண்டவையாமோ, வாங்கிலை இருந்தவையாமோ?” என்று கேட்டேன்.

அவர் வாசித்தார். தன் கதிரையின் கையைத் தட்டிக் காட்டினார். “இருந்தது. இப்பிடி.”

“வடிவாய்த் தெரியுமோ?”

“நல்லாத் தெரியும் அம்மா. சிங்களத்திலை வேறை மாதிரி எடுக்க முடியாது.” மறுபடி வாசித்தார். கீழே இருந்த மறியல் வரியில் விரலை வைத்தார். “இந்த ஆக்கள் என்ன செஞ்சது? கடை உடைச்சதா?”

“இல்லை.”

“ஆருக்கும் அடிச்சதா?”

“இல்லை.”

“அப்ப?”

“இருந்தவை.”

அவர் தாளையும் என்னையும் பார்த்தார். தன் தமிழில் ஏதோ பிழை விட்டுவிட்டேனோ என்று நினைத்திருக்கவேண்டும். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்டார்.

“இருந்ததுக்கு மட்டுமா?”

“ஓம்” என்றேன். “அதுக்கு மட்டும்தான்.”